கடல் வராத படம்

பம்பாய் மெரைன் டிரைவில் கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்கிற எல்லோரும் கேமராவைக் கடல் பக்கம்தான் திருப்புவோம். சுவர்மேல் ரெண்டு பேர், பின்னால் இறங்குகிற சூரியன், இருட்டாய் இரண்டு உருவம். பத்தடி தள்ளி இன்னொருவரும் அதையே எடுத்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு ஒரு ஜோடியை எடுக்கும்போது நான் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். மேற்கு வெயில் நேராக அவர்கள் முகத்தில். சாலைக்கு அந்தப் பக்கம் ஆர்ட் டெகோ என்கிற பழைய பாணிக் கட்டடங்கள், முனை மழுங்கிய பால்கனிகள், ஜன்னல்களுக்கு மேல் புருவம் மாதிரி நீண்ட தளங்கள். 2018-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டன. கல்யாண ஆல்பத்தில்தான் இடம் கிடைப்பதில்லை. தூரத்தைக் கிட்டே காட்டுகிற 85 மி.மீ. லென்ஸில் அந்த வரிசை கிட்டே வந்து நின்றது. கண் கூசுமே என்று, "மூடிக்கோங்க, மூணு சொன்னதும் திறங்க" என்றேன். திறந்ததும் பெண்ணுக்குக் கண் சுருங்கி, மூக்கு சுளித்து, சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் படம்.

கேமராவிலேயே காட்டினேன். மாப்பிள்ளைக்குப் பிடித்தது. பெண் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கடல் வரலையேண்ணா. இது பம்பாய்னு ஊர்ல எங்க ஆச்சிக்கு எப்படித் தெரியும்?"

தாராவியில் பிறந்து வளர்ந்தவள். ஊர் என்றால் இன்றும் திருநெல்வேலிப் பக்கம். "கல்யாணம் உனக்கா, ஆச்சிக்காம்மா?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். "கொஞ்சம் அவங்களுக்கும்தாண்ணா."

இந்தப் பதிலைத்தான் இன்னும் விட முடியவில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு? காசு வாங்கிக்கொண்டு பத்து வருஷப் பழைய படத்தையே திரும்ப எடுத்துக் கொடுப்பதுதான் ஏமாற்று என்று நினைக்கிறேன். ஆனால் எனக்குத்தானே அது பழைய படம்? அந்தச் சுவரில் அவள் மணப்பெண்ணாக உட்காருவது ஒரே தடவை. 'புதுக் கோணம், புதுக் கோணம்' என்று நாங்கள் அடித்துக்கொள்வதெல்லாம் பாதி எங்கள் அலுப்புக்கு மருந்தோ என்னவோ. அப்படியும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. கடலைப் பார்த்து எடுத்த படங்களில் அந்த மூக்குச் சுளிப்பு இல்லை. இருட்டு உருவத்தில் அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆச்சிக்குப் பம்பாய் தெரியும், பேத்தி தெரியமாட்டாள். இதை அப்போதே சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

சரி, கடலையும் எடுத்துக் கொடுத்தேன். சட்டம் போட்டு ஊருக்குப் போனது அதுதான். என் படம் ஆல்பத்தின் உள்ளே, நான் கேட்டதைவிடச் சின்னதாக.

அப்புறம் ஒரு கூத்து. அந்தப் படத்தை ஃபோனில் பார்த்துவிட்டு வேறொரு ஜோடி வந்தது. அதே கட்டடம், அதே வெயில், கண் சுருங்கின அதே சிரிப்பு வேண்டுமாம். மூணு எண்ணினேன். கண்ணைத் திறக்கும்போதே இருவரும் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. வீட்டு ஹாலில் மாட்டப் பெரிய சைஸில் கேட்டிருக்கிறார்கள்.