திரும்பிப் போவதும் ஒரு குடிபெயர்வுதான்

பெருநகரத்தை விட்டு வந்தவருக்குத் திரும்பிப் போகத் தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை. வந்து எத்தனை மாதமாகிறது? மூன்றாவது மாதத்தில் வரும் ஏக்கம் வேறு, இருபதாவது மாதத்தில் வரும் ஏக்கம் வேறு. புதிய இடத்துக்குப் போகிறவர்களின் மனநிலையை மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960இல் படிப்படியாக விவரித்தார். முதலில் எல்லாமே அழகாகத் தெரியும். அடுத்து எதைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். அதன்பிறகுதான் மெல்லப் பிடிபடும். அவர் எழுதியது வெளிநாடு போனவர்களைப் பற்றி. ஆனால் இருபது மாடிக் கட்டடத்திலிருந்து அமைதியான தெருவுக்கு வந்தவருக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. எரிச்சல் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் எடுக்கும் முடிவு, ஊரைப் பற்றிய முடிவாக இருக்காது.

அதனால் ஆறு மாதத்துக்குள் வரும் ஆசையை எழுதி வையுங்கள், செயலில் இறங்க வேண்டாம். வெயில், மழை, குளிர் என்று ஒரு முழுச் சுற்று அந்த இடத்தில் கழியட்டும். தொடர் சிகிச்சைக்குச் சிறப்பு மருத்துவமனை பக்கத்தில் இருந்தாக வேண்டும், இருக்கும் இடத்தில் பாதுகாப்பு இல்லை, வருமானம் நின்றுவிட்டது என்ற மூன்று நிலைகளில் மட்டும் காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டிய வேலை ஒரு பட்டியல். ‘சிட்டியை மிஸ் பண்றேன்’ என்று அதில் எழுதிப் பயனில்லை. ‘இரவு பதினொரு மணிக்குத் தனியாக நடந்து வீடு திரும்ப முடிந்தது’, ‘கூப்பிட்டால் அரை மணியில் வந்து நிற்க நாலு பேர் இருந்தார்கள்’, ‘நான் எங்கே போகிறேன், யாரோடு போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை’, ‘வேலை போனாலும் அதே துறையில் இன்னும் இருபது கம்பெனி இருந்தது’ என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். தோன்றும்போதெல்லாம் தேதி போட்டு ஒரு வரி. பிறகு ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: வரும் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு நான் அங்கே இருந்தால் இது கிடைக்குமா?

இரவு நடை கிடைக்கும். அந்த நாலு பேர் கிடைப்பார்களா? ஒருவருக்குக் கைக்குழந்தை, ஒருவர் நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார், இன்னொருவர் நாட்டிலேயே இல்லை. கிடைக்காத வரிகள் நகரத்துக்குச் சொந்தமானவை அல்ல, அந்த வயதுக்குச் சொந்தமானவை. எந்த வண்டி ஏறினாலும் அங்கே போய்ச் சேர முடியாது. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் சாமானைக் கட்டுவதுதான் பெரிய ஏமாற்றத்துக்கு வழி. நினைவும் இதில் நமக்கு உதவாது. மூன்று வாரச் சைக்கிள் பயணம் போனவர்களை ஓர் ஆய்வுக்குழு பயணத்தின் போதும் முடிந்த பிறகும் விசாரித்து 1997இல் முடிவுகளை வெளியிட்டது. பயணத்தின்போது சொன்னதைவிட, முடிந்தபின் நினைவுகூர்ந்தது இனிமையாக இருந்தது. மழையும் களைப்பும் உதிர்ந்துவிட்டன. நெரிசலில் நின்றுகொண்டே போன காலைகளும் அப்படித்தான் உதிர்கின்றன.

பட்டியல் தயாரானதும் ஒத்திகை: நகரத்தில் கொஞ்ச நாள் வாழ்ந்து பார்ப்பது. குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு. விடுமுறையில் போகாதீர்கள், விருந்தாளிக்கு எந்த நகரமும் நல்ல நகரம்தான். நண்பர் வீட்டிலோ நகர மையத்தின் விடுதியிலோ தங்குவதும் கணக்கில் சேராது. உங்கள் வருமானத்துக்கு வாடகை கட்டுப்படியாகும் பேட்டையில், அதே அளவு வீட்டில் தங்க வேண்டும். வேலை நாட்களில் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, அலுவலகம் இருக்கக்கூடிய இடம் வரை போய், மாலை நெரிசலில் திரும்ப வேண்டும். அங்கே போய் ஒரு வேலையும் இல்லாவிட்டாலும் போய் வாருங்கள். அந்தப் பயணம்தான் சோதனை.

ஒத்திகையில் அளக்க வேண்டியவை சில உண்டு. பயண நேரத்தைக் கதவுக்குக் கதவு குறித்துக்கொள்ளுங்கள்; வரைபடம் காட்டும் நிமிடங்களில் லிஃப்டுக்கு நிற்பதும், வண்டிக்குக் காத்திருப்பதும், கடைசி நடையும் முழுதாக அடங்குவதில்லை. இரவு நேரத்தில் வீட்டுக்கு வெளியே உள்ள சத்தம் 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2009இல் தந்த வழிகாட்டல். கைபேசிச் செயலியின் அளவு துல்லியமானதல்ல, ஆனால் இரண்டு இடங்களை ஒரே கைபேசியால் ஒப்பிடப் போதும். காற்றில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களுக்கு அதே நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் ஒரு நாள் அளவைப் பார்த்துத் திருப்தியடையாமல், அருகிலுள்ள நிலையத்தின் முழு வருடப் பதிவையும் பாருங்கள்.

ஒத்திகையின் நாலாவது, ஐந்தாவது நாள் முக்கியமானவை. முதல் மூன்று நாளின் உற்சாகம் வடிந்திருக்கும். அன்று இரவு பட்டியலை எடுத்து, இதுவரை உண்மையில் எத்தனை வரிகளைத் தொட்டோம் என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டில் மூன்றுதான் என்றால், உங்களுக்கு வேண்டியது நகரத்தில் குடியிருப்பு இல்லையோ என்று யோசிக்க வேண்டும். அடிக்கடி போய் வரும் வழி போதுமானதாக இருக்கலாம். மாதம் இரண்டு இரவு என்றால் வருடத்துக்கு 24 இரவு. அந்த இரவுகளின் தங்கும் செலவையும் 12 முறை போய்வரும் செலவையும் கூட்டி, இரண்டு இடத்து மாத வாடகை வித்தியாசத்தின் 12 மடங்கோடு ஒப்பிடுங்கள். பலருக்கு இந்த ஒரு கணக்கே விஷயத்தை முடித்துவிடும். நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள நடுத்தர ஊர் இன்னொரு வழி. அதை யாரும் யோசிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். இந்தக் கோடி இல்லையென்றால் அந்தக் கோடி என்றே எல்லோரும் தாவுகிறார்கள்.

பணக் கணக்கில் மனசு பழைய எண்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். வாடகை வருடத்துக்கு 8 சதவீதம் ஏறியிருந்தால், ஐந்து வருடம் முன்பு நீங்கள் கொடுத்ததைவிட இன்று 47 சதவீதம் அதிகம். ஒன்பது வருடத்தில் இரட்டிப்பு. ஆகவே பழைய பேட்டை கட்டுப்படியாகாமல் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அங்கிருந்து தள்ளிப் போனால் நேரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வழிக்கு 45 நிமிடம் கூடினால், மாதம் 22 வேலை நாளுக்கு 33 மணி நேரம். கிட்டத்தட்ட நாலு வேலை நாள் வண்டியிலேயே போய்விடும். வாடகையில் மிச்சமாகும் தொகையை அந்த 33ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தை என்ன விலைக்கு விற்கிறோம் என்று தெரியும். மலிவான தூரத்து வீட்டைவிட, ஓர் அறை குறைந்த பக்கத்து வீடு மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள், மாதக் கடைசியில் மிஞ்சுவதை மிஞ்சுவதோடு ஒப்பிடுங்கள். ஒருமுறைச் செலவுகளில் முன்பணம், தரகு, சாமான் வண்டி எல்லோருக்கும் நினைவிருக்கும். மறப்பது, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை கொடுக்கும் அந்த ஒரு மாதத்தை. அதைத் தவிர்க்கப் பார்த்து ஒரே நாளில் காலி செய்து ஒரே நாளில் குடியேறத் திட்டமிட்டால், வண்டி தாமதமானாலோ சாவி கிடைக்காவிட்டாலோ சாமான் தெருவில் நிற்கும். இவை போக ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும். அந்த ஆறு மாதத்தை நகரத்துச் செலவில் கணக்கிடுங்கள், இப்போது இருக்கும் ஊரின் செலவில் அல்ல.

இருக்கும் ஊரில் சொந்த வீடு வாங்கியிருந்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள். 12 மாதம் வாடகைக்கு விடுங்கள். வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், ஒரு மாத வாடகை பராமரிப்புக்குப் போகும் என்று வைத்துக்கொண்டு பத்து மாத வருமானத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். நகரத்திலும் முதல் வருடம் வாடகை வீடுதான். ஆறு மாதத்தில் வெளியேற வழி இருக்கும் ஒப்பந்தம் கிடைத்தால் வாடகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

வீட்டை மூன்று முறை பார்க்க வேண்டும்: காலை எட்டு, மாலை ஏழு, இரவு பதினொன்று. பகல் பதினோரு மணிக்கு எல்லா வீடும் அமைதியாக இருக்கும். இரண்டு குழாய்களை ஒன்றாகத் திறந்து நீரின் வேகத்தைப் பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் நின்று ஒரு போன் பேசுங்கள். மேல்தளம் என்றால் மதியம் மூன்று மணிக்குக் கூரைக்கு அடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். வாசல், லிஃப்ட் கதவு, மாடிப்படித் திருப்பம் மூன்றின் அகலத்தையும் அளந்துகொண்டு வந்து, கட்டிலோடும் அலமாரியோடும் ஒப்பிட்ட பிறகே வண்டிக்குச் சொல்லுங்கள். நுழையாததை இங்கேயே விற்றுவிடலாம்.

வேலை தேட மூன்று முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள். வெளியூர் முகவரியைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடக்கூடும் என்பதால், எந்தத் தேதிக்குள் நகரத்தில் இருப்பீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பேசும் பழைய சகாக்கள் வழியாகத்தான் வேலைச் செய்தி அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், அதுதான் காரணம். அப்படி ஒரு முப்பது பேருக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள். ‘வேலை இருக்கிறதா’ என்பதற்குப் பதில் வராது. என்ன வேலை, எந்தப் பகுதி, எப்போதிலிருந்து என்று மூன்று விவரம் இருந்தால் வரும்.

குடும்பத்தோடு போகிறவர்கள், பட்டியலை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுங்கள். படித்துக்காட்டும் வரை மற்றவருடையதைப் பார்க்க வேண்டாம். கிளம்பி வரலாம் என்று சொன்னவர் ஒருவர், திரும்பலாம் என்பவர் இன்னொருவர் என்றால், பழைய மனக்குறை முழுவதும் இந்தப் பேச்சில் வந்து உட்காரும். பிள்ளைகளின் பள்ளி மாற்றம் கல்வியாண்டின் தொடக்கத்தில் விழுமாறு மற்றத் தேதிகளைப் பின்னோக்கி அமையுங்கள். பதின்வயதினரையும் பட்டியல் எழுதச் சொல்லுங்கள்.

‘போன மச்சான் திரும்பி வந்தான்’ என்று நாலு பேர் சொல்வார்களே என்ற கூச்சத்தில் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. இடப்பெயர்வின் விதிகளை முதலில் தொகுத்த ராவென்ஸ்டைன் 1885லேயே சொல்லிவிட்டார்: ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. கூச்சத்துக்காகக் கொடுக்கும் மூன்று வருடத்தில் வாடகைதான் ஏறும்.

போய்ச் சேர்ந்தபின் முதல் 90 நாள் பழைய நட்பு வட்டத்தை நம்பி இருக்காதீர்கள். ஓர் அறிமுகம் நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. வாரம் மூன்று மணி என்றால் ஒன்றேகால் வருடத்துக்கும் மேல். எனவே குடியேறிய முதல் மாதத்திலேயே, ஒரே நாளில் ஒரே நேரத்தில் அதே முகங்கள் வரும் ஏதாவது ஒன்றில் சேருங்கள்: வகுப்பு, விளையாட்டு, நூலகக் கூட்டம், எதுவானாலும். 90ஆம் நாள் பழைய பட்டியலை எடுத்து, கிடைக்காத வரிகளின் எதிரே காரணம் எழுதுங்கள். தூரம் என்றால் ஒப்பந்தம் முடியும்போது பேட்டையை மாற்றலாம். நேரம் என்றால் வேலையில் பேசிப் பார்க்கலாம். பணம் என்றால், வாடகைக்கு விட்ட அந்த வீட்டின் ஒப்பந்தத் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.