நாளுக்கு அரை மணி நேரம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தேயிலைத் தொழிற்சாலை, கொழுந்து வரத்து மிகுந்த மாதங்களில் இரவு முழுவதும் ஓடும். கிளாக்கோமாவால் இரு கண்களிலும் வெளிச்சம்கூடத் தெரியாமல் போன அப்பா, அந்த ரோலர் சத்தத்தையும் வாடும் இலையின் வாசனையையும் வைத்தே இரவென்று அறிந்துகொள்வார். அறிந்தென்ன, உறக்கம் வராது. "மணி எத்தனைம்மா?" என்று அவர் கேட்கும்போது மூன்றாக இருக்கும், பகல் பதினொரு மணிக்கோ, இட்லித் தட்டின் முன்னாலேயே தலை சாய்ந்துவிடும்.

முதலில் பார்த்த மருத்துவர் தூக்க மாத்திரை எழுதினார். பலனில்லை என்றபோது அளவைக் கூட்டினார். குளியலறை வாசலில் அப்பா தடுமாறி விழுந்ததுதான் மிச்சம். இடையிடையே பத்துப் பதினைந்து நாட்கள் அவர் ஒழுங்காக உறங்கியதை மாத்திரையின் பலன் என்றே நாங்களும் நம்பினோம்.

மாத்திரையை நிறுத்திய பிறகு, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், அவர் உறங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்துவந்தேன். பத்து, பத்தரை, பதினொன்று என்று நாளுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் தள்ளிக்கொண்டே போன உறக்கம், நள்ளிரவையும் நண்பகலையும் கடந்து, 48ஆம் நாள் வாக்கில் மறுபடியும் இரவு பத்துக்கே வந்து நின்றது. அந்தத் தாள்கட்டைப் புரட்டிப் பார்த்த கோயம்புத்தூர் மருத்துவர், வேறு கேள்வி அதிகம் கேட்கவில்லை.

மூளைக்குள் இருக்கும் கடிகாரம் பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாகவே ஓடுகிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட செல்கள் அனுப்பும் பகல்வெளிச்சச் செய்திதான் அதை அன்றாடம் திருத்தி வைக்கிறது. அப்பாவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரும் நரம்பே பட்டுப்போய்விட்டது. பார்வை இழந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. உருவம் தெரியாத சிலருக்கு அந்தச் செல்கள் மட்டும் உயிரோடிருக்கும். அத்தகையவரை 'எப்படியும் தெரியாதே' என்று இருட்டறையில் உட்கார வைப்பது பெரும் பிழை.

இரவில் உடலில் சுரக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால், வெளிச்சத்தின் வேலையை ஓரளவு அது செய்யும். 2000இல் அமெரிக்காவின் ஆரிகனில் ராபர்ட் சாக் குழுவினர் பார்வையற்ற ஏழு பேருக்கு 10 மில்லிகிராம் கொடுத்து, ஆறு பேரின் கடிகாரத்தை நிலைநிறுத்தினார்கள். அரை மில்லிகிராமே போதுமென்று பின்னர் தெரிந்தது. அளவைவிட நேரம்தான் முக்கியம்: மாலையில் எடுத்தால் உறக்க நேரம் முன்னே வரும், காலையில் எடுத்தால் இன்னும் தள்ளிப் போகும். ஆகவே அப்பாவின் உறக்கம் தானாக இரவுக்குத் திரும்பும்வரை காத்திருந்து, அன்றிலிருந்து இரவு ஒன்பதுக்கு அரை மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். காத்திருந்த அந்த மூன்று வாரங்கள்தான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தன.

சென்ற ஐப்பசி மழையில் சாலையில் மண் சரிந்து, ஐந்து நாட்கள் மாத்திரை கிடைக்கவில்லை. ஆறாம் நாள் அப்பா உறங்கியபோது மணி பன்னிரண்டரை. இப்போது வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மாதத்துக்கான அட்டைகளை ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். அவரே தினமும் தடவி எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்.