டைபர் கரையில் மண்வெட்டிகள்: ரோம் நாட்குறிப்பு

அக்டோபர் 2, 2024

வேலை விஷயமாக ரோமுக்கு வந்ததிலிருந்து ஒரு பழைய புகைப்படம் மனதை விட்டுப் போகவில்லை. 1942-ல் எடுத்தது. டைபர் ஆற்றங்கரையில் ஆண்கள் நின்று மண்வெட்டியால் மண் அள்ளுகிறார்கள். பார்த்தால் சாதாரணக் கரை வேலை போலத்தான் இருக்கும். அத்தனை பேரும் யூதர்கள். யூதர்கள் என்பதாலேயே அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர்கள். இப்படிப்பட்ட படங்களை அன்றைய இத்தாலியப் பத்திரிகைகள் ஆர்வத்தோடு வெளியிட்டன. நம் பிள்ளைகள் போர்முனையில் சாகும்போது யூதர்கள் சும்மா உட்கார்ந்து தின்கிறார்கள் என்பது முசோலினி ஆட்சியின் பிரசாரம். அதற்குத்தான் இந்தப் படங்கள் தேவைப்பட்டன.

உத்தரவு வந்தது 1942 மே மாதம். உள்துறை அமைச்சகத்தில் மக்கள்தொகைக்கும் இனத்துக்குமென்று தனி இயக்குநரகமே இருந்தது. 18 முதல் 55 வயது வரையுள்ள யூதர்கள், ஆண் பெண் எல்லோரும், கட்டாய உழைப்புக்குப் பெயர் பதிய வேண்டும் என்றார்கள். பதிந்தவர்களில் ஒரு சிறு பகுதியினரைத்தான் உண்மையில் வேலைக்கு அனுப்பினார்கள். கரை வேலை எவ்வளவு நடந்தது என்பது அரசுக்குப் பெரிய விஷயமாக இருந்ததாகத் தெரியவில்லை. வக்கீலும் கடைக்காரரும் மண் அள்ளுவதை ஊர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 4

இன்று மாலை பழைய கெட்டோ பகுதியில் நடந்தேன். போர்த்திகோ தொத்தாவியா தெரு முழுக்க உணவகங்கள், நல்ல கூட்டம். 1555 முதல் 1870 வரை யூதர்களைத் தனியே ஒதுக்கி அடைத்து வைத்திருந்த இடம் இது. அந்தக் கட்டுப்பாடு போன பிறகும் ஏழை யூதக் குடும்பங்கள் இங்கேயேதான் இருந்தன. அவர்களில் நிறையப் பேருக்குத் தெரு வியாபாரம்தான் பிழைப்பு. பழைய துணி வாங்குவது, விற்பது, தள்ளுவண்டியில் சில்லறைச் சாமான்.

1940-ல் யூதர்களின் தெரு வியாபார உரிமங்களை அரசு ரத்து செய்தது. ஒரே ஓர் அரசாணை, அத்தனை வீடுகளிலும் அடுப்பு அணைந்தது. பேராசிரியர்களுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியதும்தான். துணி மூட்டையோடு தெருவில் நடந்தவரைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

இதற்கு முன்பே 1938 செப்டம்பரில் யூதப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் அரசுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றியாயிற்று. நவம்பர் 17 சட்டம் அரசு வேலை, வங்கி வேலை, காப்பீட்டு நிறுவன வேலை எல்லாவற்றையும் பறித்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தை யூதர்கள் வைத்திருக்க முடியாது. நிலத்துக்கும் வீட்டுக்கும் உச்சவரம்பு. பிறகு ரேடியோ வைத்திருக்கத் தடை. வீட்டில் ஒருவர் இறந்தால் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுக்கவும் தடை.

வரிசையாகப் பார்த்தால் அந்தப் புகைப்படத்தின் பொய் புரிகிறது. வேலை செய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து வேலையைப் பிடுங்கிவிட்டு, வேலை செய்யாத சோம்பேறிகள் என்று பட்டம் கட்டி, அப்புறம் கையில் மண்வெட்டியைத் திணித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 5

உம்பர்த்தோ புலியேசே. கடற்படைப் பொறியாளர், ஜெனரல். போர்க்கப்பல்களை டார்பிடோவிலிருந்து காக்க அவர் வடிவமைத்த அமைப்புக்கே அவர் பெயர்தான். யூதர் என்பதால் பதவியிலிருந்து நீக்கினார்கள். 1940 நவம்பரில் தாரந்தோ துறைமுகத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் இத்தாலியக் கப்பல்களை அடித்து உட்கார வைத்ததும், அவற்றை மீட்க அவரையே திரும்ப அழைத்தார்கள். அவரும் வந்தார்.

அக்டோபர் 9

அலுவலகத்தில் மதிய உணவின்போது ஒருவர் சொன்னார்: முசோலினி அப்படி மோசமானவர் இல்லை, யூதர் விஷயத்தில் ஹிட்லரின் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனார், அவ்வளவுதான். இந்தப் பேச்சை இங்கே வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். நல்ல மனிதர்கள்தான் சொல்கிறார்கள், அதனாலேயே கவலையாக இருக்கிறது.

1938-ல் ஜெர்மன் படை இத்தாலியில் இல்லை. அந்த ஆகஸ்டில் யூதர்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தது இத்தாலிய அரசு. செப்டம்பர் 18 அன்று திரியெஸ்தே நகரச் சதுக்கத்தில் கூட்டம் ஆரவாரிக்க யூதர்களுக்கு எதிராக முழங்கியவர் முசோலினிதான். யூதர்களுக்கு எதிரான சட்டங்களில் கையெழுத்துப் போட்டவர் இத்தாலிய அரசர் மூன்றாம் வித்தோரியோ இம்மானுவேலே. அதற்கும் முந்தைய வருடம், எத்தியோப்பியாவைப் பிடித்த கையோடு, அந்த நாட்டினரோடு இத்தாலியர் குடும்பம் நடத்தினால் சிறை என்று சட்டம் போட்டிருந்தார்கள். இனத்தின் பெயரால் மனிதரைப் பிரிக்கும் பழக்கம் ஆப்பிரிக்காவிலேயே தொடங்கிவிட்டது.

இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை.

அக்டோபர் 12

ஆப்பிரிக்கா என்றதும் லிபியாவைப் பற்றி எழுதாமல் விட மனமில்லை. ஹோலோகாஸ்ட், அதாவது யூத இனப்படுகொலை, என்றால் நமக்கு ஐரோப்பா மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

லிபியா அப்போது இத்தாலியின் காலனி. பிரிட்டிஷ் படை பெங்காசியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்த நேரத்தில், அங்குள்ள யூதர்கள் எதிரிக்கு ஆதரவு என்று குற்றம் சாட்டி, 1942-ல் அவர்களை அப்புறப்படுத்த முசோலினி உத்தரவிட்டார். ஏறக்குறைய 2,600 பேரை, குழந்தை குட்டிகளோடு, லாரிகளில் ஏற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் திரிப்போலிக்குத் தெற்கே ஜாதோ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பழைய ராணுவ முகாம், சுற்றிலும் முள்வேலி. ஒரே கொட்டடியில் பல குடும்பங்கள், நடுவே போர்வையைத் தொங்கவிட்டு மறைப்பு. சாப்பாடு போதவில்லை. டைஃபஸ் காய்ச்சல் பரவியது. 1943 ஜனவரியில் பிரிட்டிஷ் படை வருவதற்குள் 562 பேர் இறந்துவிட்டார்கள். அந்த முகாமை நடத்தியவர்கள் இத்தாலிய அதிகாரிகள்.

திரிப்போலி பக்கத்து யூத ஆண்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார்கள். சிலரை எகிப்து எல்லைக்கு அருகே புக்புக் வரை அனுப்பி, போர்முனைக்கான சாலை போட வைத்தார்கள். வெயில், மணல், தலைக்கு மேலே பிரிட்டிஷ் குண்டுகள்.

அக்டோபர் 16

1943-ல் இதே நாள் விடியற்காலையில் ஜெர்மன் படையினர் கெட்டோவைச் சுற்றி வளைத்தார்கள். அந்த செப்டம்பரில்தான் இத்தாலி சரணடைந்து, ரோம் ஜெர்மானியர் கைக்குப் போயிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் 50 கிலோ தங்கம் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொல்லி, அதையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மோதிரம், சங்கிலி என்று வீடு வீடாகச் சேர்த்த தங்கம். யூதர் அல்லாதவர்களும் கொடுத்தார்கள்.

நகரம் முழுக்க அன்று பிடிபட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இரண்டு நாள் கழித்து திபுர்த்தினா நிலையத்திலிருந்து சரக்கு ரயிலில் அவுஷ்விட்ஸ் என்ற நாஜி மரண முகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பியவர்கள் 16 பேர். பதினைந்து ஆண்கள், ஒரே ஒரு பெண், செத்திமியா ஸ்பிசிக்கீனோ.

யார் யூதர், எந்தத் தெரு, எந்த வீடு என்பதை இத்தாலிய அலுவலகங்கள் ஐந்து வருடமாக எழுதி வைத்திருந்தன. பள்ளியிலிருந்து நீக்க, உரிமத்தைப் பறிக்க, மண்வெட்டி கொடுக்க உதவிய அதே கணக்கு. அந்த நவம்பர் 30-க்குப் பிறகு, ஜெர்மானியர் தயவில் வடக்கே முசோலினி நடத்திய அரசின் உத்தரவுப்படி, இத்தாலியப் போலீசாரே யூதர்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள்.

அக்டோபர் 18

கயெத்தானோ அட்சரீத்தி என்ற நீதிபதியைப் பற்றிப் படித்தேன். முசோலினி ஆட்சியில் இனத் தீர்ப்பாயத்தின் தலைவர். யார் யூதர், யார் யூதர் இல்லை என்று கருத்துச் சொல்லிய அமைப்பு அது. போர் முடிந்தது, ஆட்சி மாறியது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1957-ல் குடியரசு இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கே தலைவரானார். பறிபோன உரிமத்தைத் திரும்பப் பெறக் கெட்டோவின் துணி வியாபாரிகள் எத்தனை அலுவலகப் படி ஏறியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

நேப்பிள்ஸ் நகரில் அவர் பெயரில் ஒரு தெரு இருந்தது. 2015-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு லுச்சியானா பச்சிஃபிச்சியின் பெயரை வைத்தார்கள். அவுஷ்விட்ஸ் போகும் ரயிலிலேயே இறந்துபோன, அந்த ஊரில் பிறந்த கைக்குழந்தை. அடுத்த மாதம் நேப்பிள்ஸ் போக வேண்டியிருக்கிறது, அந்தத் தெருவுக்கும் போவேன்.