லைட்ரூம் இம்போர்ட் ஊர்கிறதா? முதலில் கார்டு ரீடரைப் பாருங்கள்

ஒரு கல்யாண வேலை முடிந்தால் இரண்டு மூன்று 64 ஜிபி கார்டுகள் நிறைந்து மேசைக்கு வரும். சமீபத்தில் சரிசெய்த ஒரு ஸ்டுடியோ கணினியில் ஒரு கார்டு, படங்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்த உதவும் அடோபியின் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளுக்குள் போய்ச் சேர அரை மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகும் படங்களைப் புரட்ட முடியாமல் இன்னொரு முக்கால் மணி நேரம். ‘ரேம் போடணும்’, ‘கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணும்’ என்பதுதான் அங்கே வந்திருந்த யோசனை. கடைசியில் இரண்டையும் தொடவே இல்லை.

இம்போர்ட் என்று நாம் சொல்வது இரண்டு வேலை: ஃபைல்களைக் கார்டிலிருந்து டிஸ்க்குக்குக் காப்பி செய்வது ஒன்று, படத்தைத் திரையில் சட்டென்று காட்ட உதவும் நகலான ப்ரிவியூவை உருவாக்குவது மற்றொன்று. திரையின் மேல் இடது மூலையில் ஓடும் கோட்டைக் கிளிக் செய்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். எது தாமதம் என்று பிரிக்காமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே போனால் நாள் முழுக்க மாற்றிக்கொண்டிருக்கலாம்.

பிரிக்க எளிய வழி, லைட்ரூமையே மூடிவிடுவது. கார்டிலிருந்து ஐந்தாறு ஜிபி படங்களை விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் காப்பி போட்டு, ‘மோர் டீட்டெயில்ஸ்’ திறந்து வேகத்தைப் பாருங்கள். அந்தக் கணினியில் அது நொடிக்கு 36 எம்பியில் ஆணி அடித்ததுபோல் நின்றது. அந்த எண்ணே பாதி விடை. யூஎஸ்பி 2.0-வின் ஏட்டு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 30 முதல் 40 எம்பிதான் கிடைக்கும். 64 ஜிபியை 36-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அரை மணி நேரம். கணக்கு நேராகிவிட்டது.

ஆனால் ரீடரோ யூஎஸ்பி 3.0. பிரச்சினை அதைச் செருகிய இடத்தில் இருந்தது. கேபினெட்டின் முன்பக்க போர்ட், உள்ளே மதர்போர்டின் 2.0 இணைப்பில் மாட்டப்பட்டிருந்தது. பின்பக்கம் நேராக மதர்போர்டில் இருக்கும் நீல நிற போர்ட்டுக்கு மாற்றியதும் வேகம் இரு மடங்குக்கு மேல் ஏறியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 3.0 பிளக்கை மெதுவாக நுழைத்தால், முதலில் தொடுகிற 2.0 முனைகளை வைத்தே கணினி அதை 2.0 கருவியாக எடுத்துக்கொள்வதுண்டு. வேகம் 40-ஐத் தாண்டாவிட்டால் ஒருமுறை உருவி, ஒரே தள்ளாகச் செருகிப் பாருங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள், பவர் இல்லாத ஹப் இரண்டையும் விலக்கிவிடுவது நல்லது. கேமராவையே கேபிளில் இணைத்து இறக்குவதும் பெரும்பாலும் நல்ல ரீடரைவிட மெதுவாகத்தான் போகும்.

இப்போது வேகம் 85-90. கார்டின் மேல் 170 என்று அச்சிட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். எஸ்டி கார்டுகளின் வேகத் தரங்களில் ஒன்றான யூஎச்எஸ்-1-இன் உச்சவரம்பே 104 எம்பி. அதற்கு மேல் போட்டிருக்கும் எண், அந்தத் தனி முறையைப் புரிந்துகொள்ளும் ரீடரில் மட்டும் கிடைப்பது. கார்டின் பின்புறம் இரண்டாவது வரிசைத் தங்க முனைகள் இருந்தால் அது யூஎச்எஸ்-2. அதற்கேற்ற ரீடர் இல்லையென்றால் அதுவும் யூஎச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும். 90 எம்பியில் ஒரு 64 ஜிபி கார்டு சுமார் 12 நிமிடம். அரை மணி நேரத்துக்குப் பதில் இது போதும் என்று அங்கே நிறுத்தினோம்.

படங்கள் போய்ச் சேரும் டிஸ்க்கையும் விடக்கூடாது. கையடக்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் முதல் சில ஜிபி வேகமாகப் போய், பிறகு படுத்துவிடும். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளின் குணம் அது: தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதால், தொடர்ந்து எழுதும்போது பக்கத்துத் தடத்தையும் சேர்த்துத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். உள்ளிருக்கும் எஸ்எஸ்டிக்கு இம்போர்ட் செய்து, வேலை முடிந்தபின் லைட்ரூமின் ஃபோல்டர்ஸ் பேனலிலேயே இழுத்து மாற்றுங்கள். எக்ஸ்ப்ளோரரில் மாற்றினால் ஃபோல்டர் மேல் கேள்விக்குறிதான் மிஞ்சும். ‘மேக் எ செகண்ட் காப்பி டு’வையும் அதே ஹார்ட் டிஸ்க்குக்கே கொடுத்திருந்தால் டிஸ்க்கின் எழுதும் முனை இரண்டு இடத்துக்கு ஓடி ஓடி எழுதும், பாதுகாப்பும் இல்லை, வேகமும் இல்லை.

அடுத்தது அந்த முக்கால் மணி நேரம். இம்போர்ட் திரையின் வலப்பக்கம் ‘பில்ட் ப்ரிவியூஸ்’ 1:1-ல் இருந்தது. ‘ஸ்மார்ட் ப்ரிவியூஸ்’ டிக் ஆகியிருந்தது. போதாததற்கு, படத்தின் கரகரப்பை (நாய்ஸ்) தானாகக் குறைக்கிற ஒரு ப்ரீசெட்டும். 1:1 என்றால் ஒவ்வொரு ரா ஃபைலையும், அதாவது கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பையும், முழு அளவில் விரித்து ஜேபெக் ஆக்க வேண்டும். ஸ்மார்ட் ப்ரிவியூ அதன்மேல் நீளப்பக்கம் 2560 பிக்சலில் டிஎன்ஜி என்ற ரா வகைக் கோப்பு ஒன்றையும் எழுதும். 3000 படத்தில் 600-ஐத்தான் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றால் மீதி 2400-க்குச் செய்த வேலை வீண்.

‘எம்பெடட் அண்ட் சைட்கார்’ என்று மாற்றினோம். இந்த வசதி, கேமரா ரா ஃபைலுக்குள்ளேயே வைத்திருக்கும் ஜேபெக்கை எடுத்துக் காட்டுகிறது. காப்பி முடிந்த கையோடு படங்களைப் புரட்டித் தேர்ந்தெடுக்கலாம். நிறம் கேமரா திரையில் பார்த்ததுபோல் இருக்கும், படத்தைத் திருத்தும் பகுதியான டெவலப்புக்குப் போனதும் மாறும். பதற வேண்டாம். சில கேமராக்கள் உள்ளே வைக்கும் ஜேபெக் சிறியது. பெரிதாக்கினால் ஃபோகஸ் தெரியாது. அங்கே மட்டும் ‘ஸ்டாண்டர்ட்’ போட்டுச் சாப்பிடப் போகலாம். தேர்வு முடிந்தபின் அந்த 600-க்கு மட்டும் லைப்ரரி மெனுவின் ப்ரிவியூஸ் பகுதியில் 1:1 உருவாக்கச் சொன்னால் போதும்.

சிறியவை சில. ஆன்ட்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் எழுதும்போதே திறந்து பார்க்கும்; டாஸ்க் மேனேஜரில் இம்போர்ட் நேரத்தில் அது மேலே ஏறினால் கேட்டலாக் (படங்களின் விவரங்களையும் திருத்தங்களையும் லைட்ரூம் குறித்து வைக்கும் ஃபைல்), ப்ரிவியூ ஃபோல்டர்களை, சோதிக்காமல் விடும் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சேருங்கள், கார்டைச் சேர்க்காதீர்கள். லைட்ரூம் கேட்டலாக்கை இயல்பாக பிக்சர்ஸ் ஃபோல்டரில் வைக்கிறது. அந்த ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் இருந்தால் ப்ரிவியூ உருவாக உருவாக இணையத்துக்கும் ஏறிக்கொண்டிருக்கும். லைட்ரூமை மூடி, முழு ஃபோல்டரையும் வெளியே நகர்த்தி, கேட்டலாக் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறங்கள். இம்போர்ட் திரை திறக்கவே தாமதமானால் சார்ஜுக்காகச் செருகியிருக்கும் ஃபோனை உருவிப் பாருங்கள். ரா படங்களுக்கான தற்காலிகச் சேமிப்பிடமான கேமரா ரா கேஷைக் கூட்டுவது டெவலப் வேலைக்கு உதவலாம், காப்பி வேகத்தைத் தொடாது.

ஒரு அறிகுறியை மட்டும் செட்டிங் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்ஸ்ப்ளோரரில் 90-இல் போய்க்கொண்டிருந்த வேகம் ஒரே இடத்தில் 2, 3 எம்பிக்கு விழுந்து நின்றால், அதே எண்ணுள்ள படங்களை லைட்ரூமும் படிக்க முடியவில்லை என்றால், வேறொரு ரீடரில் அதே கார்டைப் போடுங்கள். அங்கேயும் அதே படத்தில் நின்றால் கார்டு போய்க்கொண்டிருக்கிறது. விண்டோஸ் ‘ரிப்பேர் செய்யட்டுமா’ என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாமல், எழுதாதபடி பூட்டும் பக்கவாட்டுச் சுவிட்சைத் தள்ளிவிட்டு, வருகிற படங்களை முதலில் வெளியே எடுங்கள்.