கிங் வீட்டு வேர் தேடிப் போனபோது

என் கணவரின் குடும்பப் பெயர் கிங். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரத்துக்குப் பஞ்சாலை வேலை தேடி வந்த பிரெஞ்சுக் கனடியர்கள். கியூபெக்கில் எந்த ஊர், பிரெஞ்சுக்காரர்களுக்கு ஏன் ஆங்கிலப் பெயர் என்று கேட்டால் மாமனார் சிரிப்பதோடு சரி. நானே தேட ஆரம்பித்தேன்.

1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருடைய தாத்தா கிடைத்தார். பிறந்த இடம் 'கனடா, பிரெஞ்சு' என்று மட்டும் இருந்தது, ஊர் இல்லை. லோவலில் பிரெஞ்சுக்காரர்களுக்கென இருந்த தேவாலயத்தின் திருமணப் பதிவைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நகரப் பதிவில் கிங் என்றிருக்கும் அதே மாப்பிள்ளையைப் பாதிரியார் 'ருவா' என்று எழுதியிருக்கிறார். ராஜா என்று அர்த்தம் வரும் பெயர், அப்படியே ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறது. நியூ இங்கிலாந்தில் இது சகஜம். புவாவேர் கிரீன்வுட் ஆனார், லெபிளாங்க் வைட் ஆனார்.

அந்தப் பதிவிலேயே மாப்பிள்ளையின் பெற்றோர் பெயர்கள், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு இருந்தன. அவர்களுடைய தேவாலயப் பங்கு (பாரிஷ்) கியூபெக்கின் காமுராஸ்கா பக்கம். இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஞானஸ்நானத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல் திருமணத்திலிருந்து திருமணத்துக்குப் போங்கள். ஒவ்வொரு திருமணமும் ஒரு தலைமுறையை மேலே ஏற்றிவிடும்.

கியூபெக் கத்தோலிக்கப் பதிவேடுகள் 1621 முதலே உண்டு. 1667இல் பிரெஞ்சு அரசு போட்ட உத்தரவுப்படி இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றை நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். கோயில் தீப்பிடித்தாலும் மறு பிரதி மிஞ்சும். பக்கங்களின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். ஓரத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு ஒற்றை எழுத்துக் குறி. தேதி முழுவதும் எழுத்தால். பிரெஞ்சு எண்களை மனப்பாடம் செய்யாமல் நகர முடியாது.

காமுராஸ்காவில்தான் மாட்டிக்கொண்டேன். எள்ளுத்தாத்தாவின் தம்பி தங்கைகளில் பாதிப் பேர் ருவா, பாதிப் பேர் டேஜார்டன். 'ருவா டி டேஜார்டன்' என்பது முழுப்பெயராம், அதாவது டேஜார்டன் எனப்படும் ருவா. படையில் சேர்ந்தவர்களுக்கு வைத்த பட்டப்பெயர், நில அடையாளம், ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறியும் வசதி என்று பல வழிகளில் இந்த 'டி' பெயர்கள் வந்தன. பாதிரியார் எதை எழுதினாரோ அதுதான் பதிவு. முதற்பெயரையும் நம்ப முடியாது, ஆண் குழந்தை என்றால் முன்னால் ஜோசப், பெண் என்றால் மரி.

முடிச்சை அவிழ்த்தவர் அந்தக் குழந்தைகளின் அம்மாதான். கியூபெக் பதிவுகளில் கல்யாணமான பெண்ணுக்கும் பிறந்த வீட்டுப் பெயரே. அடக்கப் பதிவிலும் அதேதான். அப்பா ருவாவா டேஜார்டனா என்பதை விட்டுவிட்டு, தாயின் பெயரை வைத்துத் தேடியதும் எல்லாக் குழந்தைகளும் ஒரே வீட்டில் சேர்ந்தார்கள். (1981க்குப் பிறகு அங்கே மனைவி பிறந்த வீட்டுப் பெயரை வைத்திருப்பது சட்டமே. என் மாமியாருக்கு இது ரொம்பப் பிடித்தது.)

அதற்கு மேல் சுலபம். மொன்றியால் பல்கலைக்கழகம் திரட்டிய பிஆர்டிஎச் தரவுத்தளத்துக்குக் கட்டணம் கட்டினால் பழைய பதிவுகள் குடும்பம் குடும்பமாக இணைத்தே கிடைக்கும். இந்தக் கொடியிலேயே வந்தவர்தான் 1900இல் கியூபெக்கின் லெவி ஊரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கிய அல்போன்ஸ் டேஜார்டன். அவர் அம்மாவும் ஒரு 'டி' பெயர்க்காரரே, மிவில் டி டெஷேன்.

உச்சியில் நிற்பவர் அந்துவான் ருவா டி டேஜார்டன். 1665இல் பிரான்சிலிருந்து காரிஞான்-சாலியேர் என்ற படையோடு வந்த சிப்பாய், பீப்பாய் செய்பவர். மனைவி மரி மேஜர், 1663க்கும் 1673க்கும் இடையில் பிரெஞ்சு அரசர் செலவில் இங்கே மணம்முடிக்க அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தி. அந்துவான் 1684இல் மொன்றியால் பக்கத்து லாஷீனில் வேறொருவர் மனைவியோடு இருந்தபோது அந்தக் கணவன் கையால் செத்தார். மாமனார் இந்த இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. மரி மேஜரின் சொந்த ஊர் எது என்று கேட்டார். இப்போது அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறேன்.