‘கூ’ என்றொரு பிரெஞ்சுச் சொல்

பிரெஞ்சில் நான்கு எழுத்துகளால் (coup) எழுதப்பட்டு, இறுதி எழுத்து ஒலிக்காமல், வெறும் ‘கூ’ என்று உச்சரிக்கப்படும் சொல் ஒன்று உண்டு. நன்னூலார் கூறும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் ‘கூ’வும் அடங்கும், அதன் பொருள் பூமி என்று கல்லூரியில் மனனம் செய்தவர்கள் நாங்கள். பாரிசுக்கு வந்த பின்னரோ அதே ஒலி அடி, குத்து, வேட்டு, மிடறு, தடவை என்று ஆளுக்கொரு பொருளில் காதில் விழுந்தது. எனக்குத் துணையாக நின்றது எங்கள் தமிழாசிரியர் கற்பித்த ஒரு பழக்கமே. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் உரையுடன் அச்சிடுவித்த சூடாமணி நிகண்டில், பதினோராவதாகிய ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதியின் மீது அந்த ஆசிரியருக்குத் தனிப் பிரியம். ‘அரி’ என்பது திருமாலா, சிங்கமா, குரங்கா, தவளையா என்பதை அருகில் நிற்கும் சொற்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பார்.

இந்தச் சொல்லின் வேர், கன்னத்தில் விழும் அறையைக் குறித்த கிரேக்கச் சொல். அது இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தது. இத்தாலியரின் ‘கோல்ப்போ’வும் ஸ்பானியரின் ‘கோல்பே’யும் இதன் உடன்பிறப்புகளே. ஆயினும் ‘அடி’ என்ற பொருளை மட்டும் பற்றிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே நின்றுவிடுவோம். ஒரே வீச்சில் தொடங்கி முடிந்துவிடும் செயல் எதுவானாலும் பிரெஞ்சுக்காரர் அதனை இச்சொல்லால் சுட்டுவர். துடைப்பத்தின் ‘கூ’ என்றால் சட்டென்று ஒரு கூட்டு. சீப்பின் ‘கூ’ என்றால் தலைக்கு ஒரு வாரல். கண்ணின் ‘கூ’ ஒரு பார்வை. ‘கூ த ஃபில்’, அதாவது கம்பியின் ‘கூ’, ஒரு தொலைபேசி அழைப்பு. தமிழில் நாம் ஒரு கூட்டுக் கூட்டுகிறோம், ஒரு பார்வை பார்க்கிறோம், ஒரு தட்டுத் தட்டுகிறோம். நாம் வினைக்கு வினை புதிய பெயரை ஆக்கிக்கொள்கிறோம். அவர்கள் ‘கூ’வை அப்படியே வைத்துக்கொண்டு கருவியின் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். இவ்வளவு விளங்கினால் அகராதியில் பக்கக்கணக்கில் நீளும் இச்சொல்லின் பதிவில் பெரும்பகுதியைப் படிக்காமலே ஊகிக்கலாம் என்பது என் எண்ணம். கையின் ‘கூ’ என்பது கைகொடுத்து உதவுவது என்று தமிழனுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

ஊகத்துக்கு எளிதில் அகப்படாதவையும் உண்டு. சூரியனின் ‘கூ’ என்பது வெயிலில் தோல் சிவந்து எரிவது. இடியின் ‘கூ’ என்பது கண்டதும் பிறக்கும் காதல். ஒரு ‘கூ’ குடிப்போம் என்று நண்பர் அழைத்தால் அது மதுவுக்கான அழைப்பு. இலங்கையிலிருந்து வந்த நம்மவர் பலர் வேலை செய்த உணவகச் சமையலறைகளில் மதியமும் இரவும் ஒலிப்பது ‘கூ த ஃபெ’, அதாவது நெருப்பின் ‘கூ’. வெளியில் அதற்குப் பொருள் துப்பாக்கி வேட்டு. அடுப்படியில் அதுவே உணவுக் கட்டளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும் நெருக்கடி நேரம். போரின் வேட்டொலிகளிலிருந்து தப்பி வந்து பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்ற இளைஞனுக்கு, தலைமைச் சமையற்காரர் அந்தச் சொல்லை உரக்கக் கூறும்போது எந்தப் பொருள் முதலில் நினைவுக்கு வந்திருக்கும் என்பதை விரித்து எழுத வேண்டியதில்லை.

நம் தலைமுறை இச்சொல்லை முதலில் சந்தித்தது ஆங்கிலப் பத்திரிகைகளில்தான். 1962 சனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் இலங்கை அரசைக் கவிழ்க்க முயன்று தோற்றதை அவை இச்சொல்லாலேயே எழுதின. ‘கூ தெத்தா’ என்பது அதன் முழுவடிவம். நேர்ப்பொருள் அரசின் ‘கூ’. 17ஆம் நூற்றாண்டில் இத்தொடர் அரசைக் கவிழ்ப்பதைக் குறிக்கவில்லை. நாட்டு நலனுக்கென்று ஆட்சியாளரே வழமைச் சட்டத்தை மீறித் திடீரென எடுக்கும் துணிகர நடவடிக்கையையே குறித்தது. 1799இல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதும், 1851 டிசம்பர் 2ஆம் திகதி அவருடைய தம்பி மகனான லூயி நெப்போலியன், தாமே குடியரசுத் தலைவராக இருந்துகொண்டு, தேசிய சட்டமன்றத்தைக் கலைத்ததும் இதே பெயரால் வழங்குகின்றன. இரண்டாவது நிகழ்வு பழைய பொருளுக்கே நெருங்கியது.

காதுக்கு மட்டும் ஒரு தொல்லை எஞ்சுகிறது. கழுத்துக்கும் செலவுக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களும் ‘கூ’ என்றே ஒலிக்கும். காற்பந்தில் தடையில்லா உதை ‘கூ ஃப்ரான்’, வெற்றிக் கிண்ணமோ ‘கூப்’.

இங்கே பிறந்த நம் பிள்ளைகளின் வாயில் ஓயாமல் வருவது ‘டியு கூ’. ‘ஆகவே’ என்ற இடத்திலெல்லாம் இத்தொடரைப் போட்டு நிரப்புவதை, மொழியைப் பேணும் அமைப்பான பிரெஞ்சு அக்கடமி கண்டித்திருக்கிறது. எழுத்தைப் பொறுத்தவரை அந்தக் கண்டிப்பு நியாயமானது. ஆனால் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கடைக்குக் கடை, ‘பஸ் வரேல்லை, டியு கூ நடந்தே வந்திட்டம்’ என்று தமிழுக்குள்ளேயே அது நுழைந்துவிட்டது. இப்போதெல்லாம் அம்மம்மாமாரும் அப்படியே பேசுகிறார்கள்.