ஜீப் நோட்டு

ஜூன் 16, திங்கள்

பொறுப்பேற்று இன்றோடு ஒரு வாரம். சுகாதாரப் புள்ளிவிவரப் பிரிவு முழுவதற்கும் தலைமை என்று உத்தரவில் போட்டிருக்கிறது, ஆனால் இதுவரை நான் உருப்படியாகச் செய்தது பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுத்ததுதான். கேரளத்து வண்டிப்பெரியாறில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான், ஆபீசில் மலையாளம், வீட்டில் தமிழ். இன்று டெங்கு வரைபடத்தைத் திறந்தால் ஏலத்தோட்டப் பக்கம் முழுக்கப் பச்சை, அதாவது ஒரு கேஸ்கூட இல்லை. இந்த மழையில் தண்ணீர் தேங்காத டப்பா எங்கே இருக்கிறது? இவ்வளவு பச்சை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் களப்பணியாளர் எஸ் படிவம், டாக்டர் பார்த்தால் பி, லேபில் உறுதியானால் எல். 2004இல் நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியபோது வாரக் கணக்காகப் போனது, இப்போது அதற்கான ஐஎச்ஐபி இணையதளத்தில் அன்றன்றே ஏற்றுகிறோம். எல்லாம் சரிதான், ஆனால் படிவத்தோடு போவது வீட்டு முகவரி. விடிவதற்குள் மலைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கூடலூரில் ஜீப் ஏறி, குமுளி வழியாகத் தோட்டத்துக்கு வந்து, சாயங்காலம் இறங்கிவிடுகிற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் கீழேதான் ரத்தம் எடுப்பார்கள், கீழ்க்கணக்கில்தான் ஏறும்.

கீழே இதே வேலை பார்க்கிற தம்பியைக் கூப்பிட்டு, டெங்கு எத்தனை பேருக்கு என்று கேட்டேன். "யக்கா, பதினோரு பேரு. எல்லாம் பொம்பளையாளுக. தெருத்தெருவா புகை அடிச்சு மிஷினே மக்கர் பண்ணுது, காய்ச்சல் மட்டும் நிக்கல." பேர், போன் நம்பரோடு பட்டியலை வாட்ஸப்பில் தட்டிவிடட்டுமா என்றார். வேண்டாம், நேரில் வருகிறேன் என்றேன். 2023இல் தனிநபர் தரவுக்கென்று சட்டமே வந்தாயிற்று, எங்கள் குரூப்புகளில் இன்னும் குட்மார்னிங் பூவுக்கு அடுத்தபடியாக வருவது நோயாளிப் பட்டியல்தான்.

ஜூன் 19, வியாழன்

கூடலூர். பட்டியலைப் பார்த்தால் ஒரு பழனியம்மாள் ஏற்கெனவே எங்கள் ரிஜிஸ்டரிலும் வெறும் காய்ச்சல் என்று இருக்கிறார். மலையில் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டு இனிஷியலைப் பேருக்குப் பின்னால் எழுதியிருக்கிறார்கள், கீழே ஒற்றை எல், இனிஷியல் முன்னால். கம்ப்யூட்டருக்கு அவர் இரண்டு பழனியம்மாள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல். அப்படியானால் அந்த நாட்களில் பகல் வேளையில் இவர்கள் எங்கே இருந்தார்கள்? பெண்களைக் கேட்டால் "தோட்டத்துல" என்றார்கள், எந்தத் தோட்டம், எந்தக் கிழமை என்றால் குழம்பினார்கள், ஆளுக்குப் பஞ்சமான இடத்துக்கு மாற்றி மாற்றிக் கூட்டிப் போகிறார்கள் இல்லையா. கடைசியில் இவர்களை ஜீப்பில் கூட்டிப் போகிற கங்காணி அண்ணனிடம் போய் நின்றேன். ரப்பர் பேண்ட் சுற்றிய நீளக் கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் கிரீஸ். பேருக்கு நேரே முழு நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்குப் பாதிக் கோடு, மேலே தோட்டத்தின் பேர். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ரிஜிஸ்டரை நான் பார்த்ததில்லை.

"இதைக் காட்டுனா எங்க ஆளுகள நிப்பாட்டிருவாங்க தங்கச்சி" என்றார். போட்டோ எடுக்கவில்லை. தேதிகளை மட்டும் அவர் முன்னாலேயே துண்டுத்தாளில் எழுதிக்கொண்டேன். பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு அந்த நாட்கள் ஒரே தோட்டத்தில் விழுகின்றன.

ஜூன் 21, சனி

அந்தத் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் ஆறு நீல டிரம், ஒன்றுக்கும் மூடி கிடையாது. ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி டார்ச் அடித்ததும் உள்ளே புழுக்கள் துள்ளிக்கொண்டு அடிக்கு ஓடின. பெண்கள் கஞ்சி குடிக்க உட்காருவது அதற்கு நாலடி தள்ளி. மேனேஜர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே ஆளைக் கூப்பிட்டுக் கவிழ்க்கச் சொன்னார்.

ஜூன் 23, திங்கள்

ரிவ்யூ மீட்டிங். வரைபடத்தில் அந்தத் தோட்டத்தின் மேல் நான் வைத்த ஒன்பது சிவப்புப் புள்ளி. "மேடம் வந்ததும் வராததுமா நம்ம எண்ணிக்கையை ஏத்திட்டீங்களே" என்றார் ஒருவர், பாதி சிரிப்பு, பாதி நிஜம். எண்ணிக்கையை நான் தொடவில்லை, அது விதிப்படி அவர்கள் வீட்டு முகவரியிலேயே இருக்கட்டும். எங்கள் உள்கணக்கில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கூட்டச் சொன்னேன்: கடந்த பத்து நாளில் பகலில் எங்கே இருந்தீர்கள்? அதற்கு அரைமணி நேரம் வாக்குவாதம். புதுக் கட்டம் போட்டால் யார் நிரப்புவது, ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் என்று ஆஷாக்கள் சார்பில் பேசியவர் சொன்னது நியாயம்தான், அதனால் வேறு இரண்டு கட்டங்களை எடுத்துவிட்டேன். ஆறு மாதமாக யாருமே திறந்து பார்க்காத கட்டங்கள் அவை.

ஜூன் 24, செவ்வாய்

ராத்திரி எட்டு மணிக்குக் கங்காணி அண்ணன் போன். "நாளைக்கு வண்டி ஏறலாமா?" ஏறுங்கள், டிரம்மெல்லாம் கவிழ்த்தாயிற்று, முழுக்கை சட்டை போட்டு வரச் சொல்லுங்கள் என்றேன். "அப்ப சரி" என்றவர் வைக்கவில்லை. காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "இன்னைக்கு ரெண்டு பேரு வரல. ஒருத்தி கல்யாணத்துக்குப் போயிட்டா. இன்னொருத்திக்கு நேத்து ராத்திரியிலருந்து காய்ச்சலாம், எழுதிக்கிறீயா?"